உள்விட்டத்தில் பிடித்துக் கடைந்த வளையம்: மைக்ரோமீட்டரில் சரி, ரிங் கேஜில் நுழையவில்லை

1. பீளமேட்டுப் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். இரண்டு சிஎன்சி லேத்துகளை (கணினி இயக்கும் கடைசல் இயந்திரங்கள்) வைத்து ஜாப் ஒர்க், அதாவது பிறருக்குக் கூலி வேலை, செய்யும் சிறிய பட்டறை எங்களுடையது. மூன்று மாதமாக ஓர் அலுமினிய வளையம் செய்து கொடுத்து வருகிறோம். பொருள் 6061 டி6 என்ற அலுமினியக் கலவை. உள்விட்டம் 60 மி.மீ., வெளிவிட்டம் 66 மி.மீ., நீளம் 25 மி.மீ.; ஆகவே சுவரின் கனம் வெறும் 3 மி.மீ. உள்துளையை வாடிக்கையாளரே ஹோனிங் (சாணைக்கல்லால் நுண்ணியதாகத் தேய்த்து அளவாக்குதல்) முடித்து அனுப்புகிறார், பெரும்பாலானவை 60.02 அளவில் வருகின்றன. வெளிவிட்டத்தை 65.970-க்கும் 66.000-க்கும் இடையில் கடைந்து, இரு முகங்களையும் சமன் செய்து கொடுப்பது எங்கள் வேலை.

தொடக்கத்தில் மூன்று தாடை சக்கில் சாஃப்ட் ஜா (வேலைக்கு ஏற்பக் கடைந்துகொள்ளும் மென்தாடை) போட்டு, உட்புறமாக விரித்துப் பிடித்தோம். ஹோனிங் செய்த பரப்பில் தாடைத் தழும்பு விழுந்ததால் அதைக் கைவிட்டு, இஎன்8 எஃகுத் தண்டில் நாங்களே ஒரு விரியும் மேன்ட்ரல் (துளைக்குள் நுழைந்து உள்ளிருந்து பிடிக்கும் தண்டு) செய்தோம். அதன் முனையில் மூன்று பிளவுகள் இருக்கின்றன. நடுவே கூம்புத்தலை உள்ள எம்8 ஸ்க்ரூவை ஆலன் கீயால் இறுக்கினால், மூன்று துண்டுகளும் வெளியே விரிந்து வளையத்தைப் பிடித்துக்கொள்கின்றன. தழும்பு நின்றுவிட்டது. ஆனால் சென்ற வாரம் அனுப்பிய 200 வளையங்களில் 140 திரும்பி வந்தன, 66.000 ரிங் கேஜில் (அந்த அளவுக்குத் துல்லியமான துளையுள்ள சோதனை வளையம்) அவை நுழையவில்லை என்கிறார்கள். ஒரே வளையத்தை ஆறு இடங்களில் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தோம்; எல்லா இடத்திலும் 65.985-ஐ ஒட்டியே காட்டுகிறது, வேறுபாடு மூன்று நான்கு மைக்ரானை (ஒரு மைக்ரான் 0.001 மி.மீ.) தாண்டவில்லை. எங்கள் மைக்ரோமீட்டரை ஸ்லிப் கேஜ் (அளவு துல்லியமாகத் தெரிந்த கட்டை) வைத்துச் சரிபார்த்துவிட்டோம். தவறு எங்கே என்று புரியவில்லை.

2. அளவுக்கூடம்

உங்கள் மைக்ரோமீட்டரும் அவர்களுடைய ரிங் கேஜும் இரண்டுமே உண்மையைத்தான் சொல்கின்றன. வளையம் வட்டமாக இல்லை. மூன்று புடைப்புகளோடு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மைக்ரோமீட்டர் எதிரெதிரான இரண்டு புள்ளிகளைத் தொட்டு அளக்கிறது. மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில் புடைப்பு உள்ள உருவத்தில், ஒரு புடைப்புக்கு நேர் எதிரே ஒரு பள்ளம் வந்து அமரும். ஆகவே எங்கு அளந்தாலும் ஒரே விட்டம் கிடைக்கும். ரிங் கேஜ் முழுச் சுற்றையும் ஒரே நேரத்தில் தழுவிப் பார்ப்பதால், மூன்று புடைப்புகளின் உச்சிகளும் ஒருசேர அதில் முட்டுகின்றன.

இதைப் பட்டறையிலேயே உறுதி செய்யலாம். 90 பாகை வி பிளாக்கில் (வி வடிவப் பள்ளமுள்ள தாங்கி) வளையத்தை வைத்து, மேலே டயல் கேஜை (நுண்ணிய ஏற்ற இறக்கத்தை முள்ளால் காட்டும் கருவி) நிறுத்தி, மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுங்கள். மூன்று புடைப்பு இருந்தால், ஒரு சுற்றுக்குள் முள் மூன்று முறை ஏறி இறங்கும். அது காட்டும் ஏற்ற இறக்கம் ஆரத்தில் உள்ள உண்மையான வேறுபாட்டைப் போல் இரண்டு மடங்காக இருக்கும். இதே 90 பாகை வி பிளாக் ஏழு புடைப்பை அறவே காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள். வி பிளாக்கில் முள் அசையவில்லை என்பதற்காக வட்டம் சரி என்று சான்று கொடுத்துவிட்டுப் பின்னர் தலைகுனிந்தவர்களில் நானும் ஒருவன்.

3. பீளமேட்டுப் பட்டறை

செய்து பார்த்தேன் ஐயா. முள் மிகச் சரியாக மூன்று முறை ஏறி இறங்குகிறது. ஏற்ற இறக்கம் 0.08 மி.மீ. ஆக ஆரத்தில் 0.04 வேறுபாடு. மேன்ட்ரலில் உள்ள மூன்று துண்டுகளும் வளையத்தில் உள்ள மூன்று புடைப்புகளும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவை என்பது இப்போது தெரிகிறது. ஆனால் சக்கின் தாடையைப் போல் இவை குறுகலானவை அல்லவே? ஒவ்வொரு துண்டும் ஏறக்குறைய 120 பாகை அகலத்துக்கு வளையத்தைத் தாங்குகிறது. அப்படியிருந்தும் ஏன் இப்படி வளைக்கிறது?

4. பழைய டர்னர்

தம்பி, முதலில் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். மேன்ட்ரலின் வெளிப்பரப்பைக் கடைந்தபோது, நடுவிலிருந்த ஸ்க்ரூ எந்த நிலையில் இருந்தது? தளர்வாக இருந்ததா, இறுக்கி விரித்த நிலையில் இருந்ததா?

5. பீளமேட்டுப் பட்டறை

ஸ்க்ரூவே போடவில்லை ஐயா. வளையம் எளிதாக நுழைய வேண்டும் என்பதால் 59.90 அளவுக்குக் கடைந்து முடித்தோம். அதன் பிறகுதான் பிளவு வெட்டினோம்.

6. பழைய டர்னர்

அப்படியானால் நீங்கள் 120 பாகைக்குத் தாங்கவில்லை. மூன்று கோடுகளில் தாங்குகிறீர்கள்.

29.95 ஆரத்தில் கடைந்த ஒரு துண்டு எவ்வளவு விரிந்தாலும், அதன் வளைவு 29.95 ஆரத்தின் வளைவாகவே இருக்கும். இடம் பெயருமே தவிர வளைவு மாறாது. அதை 30.01 ஆரமுள்ள துளைக்குள் அழுத்தினால், துண்டின் நடுக்கோடு மட்டும் துளையைத் தொடும். இரு ஓரங்களிலும் இடைவெளி நிற்கும். சிறிய கிண்ணத்தைப் பெரிய கிண்ணத்துக்குள் ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்துப் பாருங்கள், நான் சொல்வது விளங்கும். வளையம் மெல்லியது என்பதால் அந்த மூன்று கோடுகளிலும் வெளியே தள்ளப்படுகிறது, இடைப்பட்ட இடங்களில் உள்ளே இழுக்கப்படுகிறது. அந்த நிலையில் வெளிப்புறத்தை நீங்கள் சரியான வட்டமாகக் கடைகிறீர்கள். ஸ்க்ரூவைத் தளர்த்தியதும் உள்துளை தன் பழைய வட்டத்துக்குத் திரும்புகிறது. வெளிப்புறத்தின் வட்டம் கெடுகிறது. புடைப்பு விழுவதும் பிடித்த இடத்தில் அல்ல, பிடிக்காத இடத்தில். ஒரு வளையத்தைக் கழற்றும் முன் துண்டுகளின் நடுவில் மார்க்கர் கோடு போட்டுவிட்டு, பிறகு வி பிளாக்கில் சுற்றினால் இதைக் கண்ணால் காணலாம்.

சாஃப்ட் ஜா கடைவதற்கு உங்களுக்குத் தெரிந்த அதே முறைதான் இதற்கும். தாடையை எந்த இறுக்கத்தில் வேலை செய்ய வைக்கப் போகிறோமோ அந்த இறுக்கத்தில் நிறுத்தித்தான் அதைக் கடைகிறோம். மேன்ட்ரலுக்கும் பிளவு வெட்டி முடித்த பிறகு, ஸ்க்ரூவை இறுக்கி, துண்டுகளை விரித்து நிறுத்தி, அந்த நிலையில் துளையின் உண்மையான அளவான 60.02-க்கே கடையுங்கள். ஸ்க்ரூவைத் தளர்த்தினால் துண்டுகள் உள்ளே சுருங்கி வளையம் நுழைய இடம் கொடுக்கும். மீண்டும் இறுக்கும்போது வளைவும் வளைவும் பொருந்தும். கடையும்போது துண்டுகள் தடதடக்காமல் இருக்க, வளையம் அமராத அடிப்பகுதியில் ஒரு கட்டு வளையம் மாட்டி, அதற்கு எதிராக விரித்து நிறுத்துவது வழக்கம்.

7. கணக்குப்பிள்ளை

பழைய டர்னர் ஐயா சொன்னதை எண்ணில் சொல்கிறேன். துண்டுக்கும் துளைக்கும் ஆர வேறுபாடு 0.06 மி.மீ. 120 பாகைத் துண்டின் ஓரம், அதன் நடுவிலிருந்து 60 பாகை தள்ளி இருக்கிறது. அங்கே நிற்கும் இடைவெளி 0.06-ஐ (1 − கொசைன் 60)-ஆல் பெருக்கக் கிடைப்பது, அதாவது 0.03 மி.மீ. நண்பர் வி பிளாக்கில் கண்ட 0.04-உம் ஏறத்தாழ இதே அளவில் இருப்பது தற்செயல் அல்ல. இதே மேன்ட்ரலில் ஆறு பிளவு வெட்டியிருந்தால், ஓரம் 30 பாகையில் வந்திருக்கும், இடைவெளி 0.008 ஆகக் குறைந்திருக்கும். ஆகவே விரித்த நிலையில் கடைவதோடு, பிளவுகளையும் ஆறாக்குங்கள். துளைக்குத் துளை அளவு சிறிது மாறும்போது ஏற்படும் பிழையை ஆறு பிளவு பெருமளவு விழுங்கிவிடும்.

8. ஓசூர் விஎம்சி

இவ்வளவு சுற்ற வேண்டுமா? இறுக்கத்தைக் குறைத்தால் வளைவதும் குறைந்துவிடும் அல்லவா? ஆலன் கீயில் குழாய் சொருகி இறுக்குகிறார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

9. பீளமேட்டுப் பட்டறை

சந்தேகம் சரிதான். குழாய் போட்டுத்தான் இறுக்குகிறார்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரே வளையத்துக்குள் மைக்ரோமீட்டர் அளவு மாறுவதில்லை. ஆனால் வளையத்துக்கு வளையம் 0.02, சில நேரம் 0.03 கூட மாறுகிறது. ஆபரேட்டர் ஓயாமல் ஆஃப்செட்டை (டூல் நிற்கும் இடத்துக்கான திருத்த எண்) மாற்றிக்கொண்டே இருக்கிறார். டூல் தேய்மானம் என்று நினைத்திருந்தோம்.

10. கணக்குப்பிள்ளை

இங்கே இரண்டு பிழைகள் ஒன்றோடொன்று கலந்து நிற்கின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்காமல் எதையும் திருத்த முடியாது.

முதலாவது வடிவப் பிழை. இறுக்கத்தைக் குறைத்தால் இது போய்விடும் என்று ஓசூர் நண்பர் நினைப்பது இயல்பு. ஆனால் 3 மி.மீ. கனமுள்ள அலுமினிய வளையத்தை மூன்று கோடுகளில் 0.03 அளவுக்கு வளைக்க, ஒவ்வொரு கோட்டிலும் 100, 150 நியூட்டன் இருந்தாலே போதும். வளையம் வழுக்காமல் இருக்கத் தேவையான விசையே அதைவிடப் பல மடங்கு. ஆகவே எவ்வளவு மென்மையாக இறுக்கினாலும், துண்டின் வளைவுக்கு ஏற்ப வளையம் வளைந்தே தீரும். அதற்கு மருந்து பழைய டர்னர் ஐயா சொன்னதுதான்.

இரண்டாவது அளவுப் பிழை. வளைவு முழுக்கப் பொருந்தினாலும், உள்ளிருந்து தள்ளும்போது வளையம் சீராக விரியும். கடைந்து கழற்றியதும் அதே அளவு சுருங்கும். இது இறுக்கத்தைப் பொறுத்தது. எம்8 ஸ்க்ரூவில் 4 நியூட்டன் மீட்டர் முறுக்கு கொடுத்தால், அச்சு வழியே சுமார் 2,500 நியூட்டன் இழுவை கிடைக்கும். கூம்பின் சாய்வு ஒரு பக்கத்துக்கு 10 பாகை என்றும், உராய்வுக் கோணம் 7 பாகை என்றும் கொண்டால், ஆரத் திசையில் மொத்தம் 8,000 நியூட்டனைச் சற்றுத் தாண்டும். வளையத்தின் 20 மி.மீ. நீளத்தை மேன்ட்ரல் தாங்குவதாக எடுத்துக்கொண்டால், அழுத்தம் சதுர மி.மீ.க்கு 2.2 நியூட்டன், வளையச் சுவரில் எழும் இழுவிசைத் தகைவு ஏறக்குறைய 22. அலுமினியத்தின் மீள்மை எண் 70,000 என்பதால், விட்டம் 0.019 மி.மீ. விரியும். குழாய் போட்டு 25 நியூட்டன் மீட்டர் வரை இறுக்கினால், இதே கணக்கில் 0.12 மி.மீ. வரும். உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட முழு அளவு வேறுபாடே (டாலரன்ஸ்) 0.030 தான். கைக்கு வந்தபடி இறுக்கும் ஆபரேட்டர் அறியாமலேயே அளவை மாற்றிக்கொண்டிருக்கிறார். டூல் பாவம், அதன் மேல் பழி. எஃகு வளையமாக இருந்தால் இதில் மூன்றில் ஒரு பங்குதான் விரிந்திருக்கும். அலுமினியம்தான் இவ்வளவு வெளிப்படையாகக் காட்டிக்கொடுக்கிறது.

4 நியூட்டன் மீட்டர் போதுமா என்று அடுத்து கேட்பீர்கள். உராய்வு 0.12 என்றால், 30 மி.மீ. ஆரத்தில் அந்தப் பிடி 29 நியூட்டன் மீட்டர் முறுக்கைத் தாங்கும். 0.5 மி.மீ. ஆழம், ஒரு சுற்றுக்கு 0.15 மி.மீ. ஃபீடு (டூல் நகரும் தூரம்) என்று அலுமினியத்தைக் கடையும்போது வெட்டு விசை 60 நியூட்டன் அளவில்தான் இருக்கும்; 33 மி.மீ. ஆரத்தில் அது 2 நியூட்டன் மீட்டர். பத்து மடங்குக்கு மேல் இருப்பு இருக்கிறது. ஒரு சிறிய டார்க் ரெஞ்ச் (குறித்த முறுக்கில் இறுக்க உதவும் கருவி) வாங்கிக் கொடுங்கள். குழாயைத் தூக்கி எறியுங்கள்.

11. அளவுக்கூடம்

ஒரு சிறு திருத்தம். முறுக்கை நிலையாக வைத்தாலும், கூம்பில் எண்ணெய் இருக்கும்போது ஒரு விசையும் உலர்ந்திருக்கும்போது வேறு விசையும் கிடைக்கும். கூம்பிலும் ஸ்க்ரூவின் மரையிலும் மாலிப்டினம் கிரீஸ் தடவி, அதையே எப்போதும் கடைப்பிடித்தால்தான் டார்க் ரெஞ்சுக்குப் பொருள் உண்டு.

12. சுழல்தண்டு

ஹைட்ராலிக் மேன்ட்ரல் வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை. பிளவே இல்லாத முழு உறையை எண்ணெய் அழுத்தம் சுற்றிலும் ஒரே சீராக விரிக்கிறது. ரன்அவுட் (சுழலும்போது மையம் விலகி ஆடும் அளவு) 5 மைக்ரானுக்குள் நிற்கும். நாங்கள் கியர் வேலைக்குப் பயன்படுத்துகிறோம்.

13. பழைய டர்னர்

அது நல்ல கருவி, மறுக்கவில்லை. ஆனால் அதன் உறை விட்டத்தில் 0.3 சதவீத அளவுக்கு மேல் விரியாது. துளையின் அளவு கட்டுக்குள் இல்லாவிட்டால் பிடிக்கவே பிடிக்காது. ஜாப் மாட்டாமல் தவறிப்போய் அழுத்தம் கொடுத்துவிட்டால் உறை நிரந்தரமாகக் கெடும். இரவு ஷிஃப்டில் அது ஒரு நாள் நடந்தே தீரும். ஒரே ஒரு வளையத்துக்காக, அதுவும் ஜாப் ஒர்க்கில், அந்தச் செலவு எதற்கு?

எங்கள் காலத்தில் பிளவில்லாத டேப்பர் மேன்ட்ரலைத்தான் அதிகம் பயன்படுத்தினோம். அடிக்கு ஆறு தவு (ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) சாய்வு, அதாவது ஏறக்குறைய 2,000-க்கு 1. கைப்பிரஸ்ஸில் அழுத்தி ஏற்றி, இரு சென்டர்களுக்கு இடையில் ஓட்டினால், மையம் விலகாது. ஆனால் துளை 0.03 பெரிதாக இருந்தால் வளையம் 60 மி.மீ. தள்ளிப் போய் உட்காரும்! ஒவ்வொரு ஜாப்பும் ஒவ்வோர் இடத்தில் நிற்கும்போது சிஎன்சியில் முகத்தை எப்படிச் சமன் செய்வது? கைலேத்தில் ஒன்றிரண்டு செய்கிறவருக்குத்தான் அது ஒத்துவரும்.

வெளிவிட்டத்தை மட்டும் கடைவதாக இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது: துளைக்கு நெருக்கமான நேர் மேன்ட்ரலில் நான்கைந்து வளையங்களைக் கோத்து, முன்னால் வாஷரும் நட்டும் போட்டு, பக்கவாட்டில் அழுத்திப் பிடிப்பது. ஆரத் திசையில் விசையே இல்லாததால் புடைப்புக்கு இடமில்லை. மேன்ட்ரலுக்கும் துளைக்கும் உள்ள இடைவெளியில் பாதியளவு மையம் விலகலாம் என்பது மட்டுமே குறை. இந்த முறைக்கு இரு முகங்களும் ஒன்றுக்கொன்று இணையாக முன்பே முடிந்திருக்க வேண்டும்.

14. ஓசூர் விஎம்சி

இறுக்கத்தைக் குறைத்தால் போதும் என்று நான் சொன்னது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதை ஒட்டி என் கேள்வி ஒன்று. எங்களிடம் 45 மி.மீ. துளையுள்ள எஃகு ஹப் இருக்கிறது. துளையில் சாவிக்காடியும் (சாவி பொருந்துவதற்கான நீள்பள்ளம்) உண்டு. வெளிப்புறம் முழுக்க மில்லிங் செய்ய வேண்டும் என்பதால் வைஸில் பிடிக்க முடியவில்லை; மேலே போல்ட்டும் வாஷரும் போட்டால் மேல்முகத்தை மில்லிங் செய்ய முடியவில்லை. ஒரு பிளேட்டில் எட்டு விரியும் பிடிப்பான்களை வரிசையாக வைக்கலாமா?

15. பழைய டர்னர்

தாராளமாக வைக்கலாம், மெஷினிலேயே பிளேட்டைக் கட்டி, பிடிப்பான்களை விரித்து நிறுத்தி, ஒவ்வொன்றையும் அங்கேயே வட்டமாக மில்லிங் செய்து துளை அளவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். எட்டின் மையங்களும் புரோகிராமில் எழுதிய இடத்திலேயே அமைந்துவிடும், தனியாக டயல் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அலுமினிய வளையத்துக்குச் சொன்ன மென்மையான இறுக்கம் இங்கே செல்லாது. மில்லிங்கில் விசை விட்டுவிட்டு அடிக்கும், கட்டர் ஜாப்பை மேலேயும் தூக்கப் பார்க்கும். எஃகு ஹப் தடிமனாக இருப்பதால் தைரியமாக இறுக்கலாம். ஸ்க்ரூ மேலிருந்து கீழ்நோக்கி இறங்கி விரிக்கும் அமைப்பாக இருக்கட்டும். துண்டுகள் உராய்வில் சிறிது கீழே இழுபட்டு ஜாப்பையும் பிளேட்டின் மேல் அமர்த்தும். கூம்பைக் கீழிருந்து மேலே இழுக்கும் அமைப்பில் ஜாப் ஒரு முடியளவு எழும்பி நிற்கும். உயர அளவு தவறும்போது காரணமே பிடிபடாது.

சாவிக்காடி ஒரு துண்டின் நடுவுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். காடியும் பிளவும் ஒரே இடத்தில் வந்தால் அந்தத் துண்டின் ஓரம் காடிக்குள் நழுவி விளிம்பைக் கடிக்கும். கூம்பின் சாய்வு ஒரு பக்கத்துக்கு 7 பாகைக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே போனால் கூம்பு தானாகவே பூட்டிக்கொள்ளும், ஸ்க்ரூவைத் தளர்த்திய பிறகும் சுத்தியால் தட்ட வேண்டி வரும்.

16. பீளமேட்டுப் பட்டறை

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். புதிய மேன்ட்ரலில் ஆறு பிளவுகள். கூம்பு 10 பாகை. விரித்து நிறுத்தி 60.02-க்குக் கடைந்தோம். டார்க் ரெஞ்சை 4 நியூட்டன் மீட்டரில் பூட்டிவிட்டோம்; கழற்றியதும் 0.019 சுருங்கும் என்பதைக் கணக்கில் கொண்டு அவ்வளவு பெரிதாகக் கடைகிறோம். முதல் 50 வளையங்களில் வி பிளாக் ஏற்ற இறக்கம் 0.012-ஐத் தாண்டவில்லை. வளையத்துக்கு வளையம் அளவு 0.008-க்குள் நிற்கிறது.

புதிதாக இரண்டு சிக்கல்கள். பிளவுகளுக்குள் மெல்லிய சீவல் புகுந்துகொள்கிறது; ஒருமுறை அது வளையத்தின் உட்புறத்தில் கீறிவிட்டது. காலையில் போடும் முதல் சில வளையங்களும் பிற்பகலில் வருபவையும் சற்று வேறுபடுகின்றன.

17. அளவுக்கூடம்

சீவலுக்கு மருந்து எளிது. பிளவுகளைச் சுத்தமாகத் துடைத்து, சிலிகான் சீலண்டை நிரப்பி, ஓர் இரவு உலரவிட்டு, மேலே வழிந்ததைப் பிளேடால் சீவிவிடுங்கள். ரப்பரைப் போல் வளைந்துகொடுப்பதால் விரிவதை அது தடுக்காது.

காலை, பிற்பகல் வேறுபாடு வெப்பத்தால் வருவது. 10 பாகை செல்சியஸ் ஏறினால் 60 மி.மீ. அலுமினியத் துளை 0.014 விரியும், எஃகு மேன்ட்ரல் 0.007 மட்டுமே விரியும். வளையம் சூடாக இருக்கும்போது அளந்தால் பெரிதாகக் காட்டும் என்பதோடு, கடைசல் சூட்டில் பிடியும் சற்றுத் தளரும். கூலண்டை நிறுத்தாமல் ஓடவிடுங்கள். அளப்பதற்கு முன் வளையத்தைப் பத்து நிமிடம் மாஸ்டர் ரிங்கின் (ஒப்பிட்டு அளக்க வைத்திருக்கும் துல்லிய வளையம்) பக்கத்தில், அதே மேசையில் வைத்திருங்கள்.

18. சுழல்தண்டு

திரும்பி வந்த அந்த 140 என்ன ஆயின? புதிய மேன்ட்ரலில் ஏற்றித் திரும்பக் கடைய முடியுமா?

19. பீளமேட்டுப் பட்டறை

முயன்றோம். அவற்றில் பள்ளமான இடங்களின் ஆரம் 32.9725 அளவில் இருக்கிறது. முழு வட்டமாக வர வேண்டுமென்றால் 65.945 வரை இறங்க வேண்டும், அது கீழ் எல்லையையும் தாண்டிவிடும். ஆகவே கழற்றிய பின் 65.975 நிற்கும்படி கடைந்து நிறுத்தினோம். ரிங் கேஜில் இப்போது எல்லாம் நுழைகின்றன. ஆனால் ஒவ்வொன்றிலும் டூல் தொடாத மூன்று பட்டைகள் மங்கலாகத் தெரிகின்றன, ஆழம் 0.015. மாதிரிக்குப் பத்தை வாடிக்கையாளரிடம் கொடுத்திருக்கிறோம். எடுத்துக்கொள்வார்களா என்று அவர்களுடைய தரப் பிரிவு இன்னும் சொல்லவில்லை.